சம்பந்தியின் மழையும் மாடிப்படி சுவிட்சும்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள், உங்கள் கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும் சம்பந்தியம்மாவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். நால்வர் என்று எழுதிவிட்டேனே தவிர, அந்த நான்காவது ஆள் பிழைக்குமா பிழைக்காதா என்று நேற்று வரை எனக்கே தெரியாது. இப்போது நலம்தான், என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நீங்கள் பதற வேண்டாம். பதற வேண்டியதையெல்லாம் மூன்று வாரமாக உங்களுக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கே சொல்ல விட்டீர்கள்? தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறீர்கள். "சொல்லுங்க சம்பந்தி, சௌக்கியமா?" என்று நான் வாயெடுப்பதற்குள் "பதினாலு" என்கிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். மறுநாள் "இல்லை." அதற்கு மறுநாள் "மூணரை." உங்கள் மொட்டை மாடி மழைமானியில் விழுந்தது எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்கள் சொல்ல, கம்ப்யூட்டர் சரியானதும் அதில் ஏற்றுவதற்காக நான் காலண்டரில் குறித்துவைக்க, இதெல்லாம் நமக்குள் ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளாவது "என் கம்ப்யூட்டர் என்ன ஆச்சு?" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். கேட்கவே கேட்காத மனுஷரிடம் என்ன பொய்யைச் சொல்வது? அதனால்தான் உண்மையை எழுதி, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே வைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குக் கிளம்பிய மறுநாள், மூன்று வாரம் எங்களோடு இருப்பதற்காகக் கொசு உங்கள் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து இறங்கினாள். (‘கொசு’ என்பதை மையால் அடித்திருக்கிறேன், தயவுசெய்து படிக்க வேண்டாம். உங்கள் மருமகள் என்று திருத்தி வாசிக்கவும். சின்ன வயதில் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், அதனால் வந்த பேர். அது புகுந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னிடம் வாக்குறுதி வாங்கியிருக்கிறாள். நானும் இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறேன்.) வந்து இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, மாமா என்கிட்ட ஒரு வேலை குடுத்திருக்கார்!" என்றாள். முகமெல்லாம் அப்படி ஒரு பிரகாசம். முதல் சம்பள நாளில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

உங்கள் மருமகள் பார்க்கும் வேலை என்னவென்று நம் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் சரியாகத் தெரியாது. கல்யாணப் பேச்சின்போது நான் "கம்ப்யூட்டர் வேலை" என்றேன், நீங்கள் "ம்" என்றீர்கள், அதோடு முடிந்தது. இந்த மூன்று வாரத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், ஆகையால் லிஃப்டை வைத்துத்தான் எனக்கு எதுவும் புரியும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லிஃப்டுக்குத் தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்றே தெரியாது. மெதுவாகக் கீழே இறங்கும், அடித்தளத்தைத் தொடும், "ஓ, இங்கே இருக்கிறோமா" என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஆளை ஏற்றும். கம்ப்யூட்டரும் அப்படித்தானாம். சுவிட்சைப் போட்டதும் அதற்குத் தன்னிடம் மெமரி இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா, தட்டுகிற பொத்தான்கள் இருக்கின்றனவா, ஒரு எழவும் தெரியாது. மதர்போர்டில் நகத்தளவு ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கும் சின்ன நிரல்தான் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புகிறது. அதற்குப் பேர் ஃபர்ம்வேர். போர்டு செய்கிற கம்பெனிகள் அதை எழுதிப் பூட்டிவைத்துவிடுவார்கள். உங்கள் மருமகளும் அவளைப் போன்ற சிலரும் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்துகொண்டு, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்கிற மாதிரி அதையே புதிதாக எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "என் வீட்டுல முதல்ல யார் எழுந்திருக்கிறா, எழுந்து என்ன பண்றான்னு எனக்குத் தெரிய வேண்டாமாப்பா?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்பது உங்களுக்கே தெரியும். காலையில் போட்டதும் கறுப்புத் திரையில், "காற்றாடியைக் காணோம், தொடர வேண்டுமானால் எஃப் ஒன் பொத்தானை அழுத்து" என்கிறது. சூட்டைத் தணிக்கிற காற்றாடி என்னவோ உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின போர்டு, செய்த கம்பெனி எப்போதோ கையைக் கழுவிவிட்டது. எழுதிக் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். ஆறு வருஷமாக நீங்கள் தினமும் அந்தப் பொத்தானை அழுத்தி, அதனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உங்கள் மழையையே எழுத முடிகிறது. அதைத்தானே இவளிடம் "இதை நிறுத்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்? உங்கள் போர்டுக்குத் திறந்த ஃபர்ம்வேர் இதுவரை யாருமே எழுதவில்லை, நானே எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த போர்டை உருவி, என் மனைவி காய் நறுக்கும் பலகைமேல் வைத்துவிட்டாள். அம்மணமாக! "ஏம்மா, சம்பந்தியோட இருபது வருஷத்து மழை இதுக்குள்ளதானே இருக்கு, அது போச்சுன்னா?" என்றேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "போனா என்ன, இனிமே மழை பெய்யாதா?" என்றாள். சத்தியமாக இப்படித்தான் சொன்னாள், அவள் பேச்சை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மழையெல்லாம் டிஸ்கில் இருக்கிறது, போர்டில் இல்லை என்று உங்கள் மருமகள் டிஸ்கைத் தனியாகக் கழற்றிக் கொடுத்தாள். நான் அதை ஒரு துண்டில் சுற்றி, பீரோவில் என் பணி ஓய்வுச் சான்றிதழ்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பிலேயே சொருகிக்கொண்டேன். குளிக்கும்போதுகூட அது என்னிடம்தான் இருந்தது.

மறுநாள் முதல் அடி. அந்த நகத்தளவு சிப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உங்கள் மருமகள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். சிப் கறுப்பாக இருக்கும், பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் இருக்கும். என் மனைவி கையில் துடைப்பத்தோடு வந்திருக்கிறாள். மல்லாந்து கிடந்த எட்டுக் கால் ஜந்துவைப் பார்த்தவள் என்ன செய்வாள்? "சீ, செத்துக் கிடக்கு" என்று ஒரே தட்டு, முறத்தில் அள்ளியாகிவிட்டது. கம்பெனி எழுதிய பழைய ஃபர்ம்வேர் உலகத்தில் அந்தச் சிப்பில் மட்டும்தான் இருக்கிறது, அதை இன்னும் நகல் எடுக்கவில்லை என்று உங்கள் மருமகள் வந்து அலறியபோது என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. மூவரும் வாசலில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து தேடினோம். எதிர்வீட்டுத் தையற்காரர் வந்து "என்ன சார், மோதிரமா?" என்று கேட்டார். "பூச்சி" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து அவர் எங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. முடிக்கற்றைக்குள் சிக்கியிருந்தது, கிடைத்துவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது. அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்து நகலெடுத்து, இரண்டு நகலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் மருமகள் சாப்பிட உட்கார்ந்தாள். அந்தப் பழைய சிப்பை ஒரு சின்ன டப்பியில் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன், பூச்சி என்று எறிந்துவிட வேண்டாம்.

இதன் பிறகுதான் பெரிய கூத்து. அதில் குற்றவாளி யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்கவைப்பது மரியாதை இல்லை. குற்றவாளி நான்தான்.

புது நிரலை இன்னொரு சிப்பில் எழுதிப் போர்டில் சொருகி ஓடவிட்டாள். காற்றாடியை அடக்குகிற வரிகளை இன்னும் எழுதவில்லையாம், அது முழு வேகத்தில் ஊளையிட்டது. அந்தச் சத்தத்தில் மாடியில் உட்கார்ந்து யோசிக்க முடியவில்லை என்று போர்டைப் பலகையோடு கீழே கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். போர்டு தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஒரு நீளமான கேபிள் வழியாக மாடியில் இருக்கும் லேப்டாப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், இவள் அங்கிருந்தே படிப்பாள். மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கிறது? என் சாய்வு நாற்காலி இருக்கிறது. அதில் சாய்ந்தால் என் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது? அந்த பிளக்குக்கான சுவிட்ச் இருக்கிறது.

சம்பந்தி, என் தொழிலில் ஒரே ஒரு விதி. சத்தம் இருந்து அசைவு இல்லையென்றால் சப்ளையை நிறுத்து. மோட்டார் உறுமுகிறது, லிஃப்ட் நகரவில்லை என்றால் உள்ளே ஏதோ எரிகிறது என்று அர்த்தம். யோசித்துக்கொண்டு நின்றால் கட்டடமே போய்விடும். முப்பத்தோரு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ மெக்கானிக்குகளைத் திட்டியிருக்கிறேன். இங்கே பார்த்தால் உங்கள் போர்டு ஊளையிடுகிறது, திரையோ கரியாக இருக்கிறது. ஒரு நிமிஷம் பொறுத்தேன். இரண்டு, மூன்று நிமிஷம் பொறுத்தேன். நாலாவது நிமிஷம் உங்கள் முகம் என் கண்முன் வந்தது. பேசாமல் கையை நீட்டி சுவிட்சை அணைத்தேன், பத்து எண்ணினேன், சூடு ஆறியிருக்கும் என்று மறுபடி போட்டேன். புள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை.

மாடியில் உங்கள் மருமகள் என்ன பார்த்தாள்? வரிகள் ஓடிக்கொண்டே வருகின்றன, நாலாவது நிமிஷத்தில் பாதி வரியில் போர்டு செத்துப்போகிறது, பிறகு தானாக முதலிலிருந்து எழுந்திருக்கிறது. ஓடி வந்து பார்த்தாள், எல்லாம் சரியாகவே இருந்தது. "அப்பா, கம்ப்யூட்டரை ஏதாவது தொட்டீங்களா?" என்றாள். "நான் ஏம்மா அதைத் தொடப்போறேன்?" என்றேன். பொய் சொல்லவில்லையே, கம்ப்யூட்டரை நான் தொடவே இல்லை. அவள் மேலே போய் நிரலைத் திருத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடி நாலாவது நிமிஷம். நானும் மறுபடி என் கடமையைச் செய்தேன். ஒரு வாரத்தில் மொத்தம் பதினோரு தடவை உங்கள் கம்ப்யூட்டரை நான் தீயிலிருந்து காப்பாற்றினேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

இவர்கள் எழுதுகிற எதையும் கூட்டாளிகள் நாலு பேர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பொதுவில் சேர்ப்பார்கள். அதில் ஒரு பெரியவர். எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. இணையத்தில் அவர் வைத்திருக்கும் படத்தில் நீலத் தொப்பி போட்டிருப்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு நீலத்தொப்பி என்றே பேர். மகா கறார். வரி முடிந்த பிறகு ஒரு காலி இடம் கூடுதலாக விழுந்திருந்தால்கூட, கண்ணுக்கே தெரியாத அந்த வெறும் இடத்தைக் கண்டுபிடித்து, "எடு" என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போர்டு சாகாமல் முழுவதும் ஓடி, திரையில் எழுத்து வந்துவிட்டது. உங்கள் மருமகள் தையா தக்கா என்று குதித்த சத்தத்தில்தான் நான் கட்டிலிலிருந்து எழுந்தேன். சந்தோஷத்தில் அவள் நீலத்தொப்பி சொன்ன ஒரு காலி இடத்தை எடுத்துவிட்டு, சம்பிரதாயத்துக்கு இன்னொரு தடவை சாயங்காலம் நாலு மணிக்கு ஓடவிட்டாள். செத்துவிட்டது. ஒவ்வொரு தடவை சிப்பில் புதிதாக எழுதும்போதும் அது முதலிலிருந்து ஆரம்பிக்குமாம், நானும் தூக்கம் கலைந்து நாற்காலிக்கு வந்திருந்தேன்.

அவ்வளவுதான், உலகம் இரண்டுபட்டது. காலி இடத்தை எடுத்ததால் போர்டு செத்தது என்று இவள் எழுத, அதெப்படிச் சாகும் என்று ஒருவர் கேட்க, எங்கள் ஊரில் ஒரு தடவை செத்தது என்று இன்னொருவர் சொல்ல, ஐந்து தேசத்தில் ஒன்பது பேர் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு ஒரு வெறும் இடத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். எடுத்த இடத்தைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். வைத்தும் செத்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தடவை பிழைத்தது, சாயங்காலம் செத்தது. என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாள் நட்சத்திரம் பாத்து ஓடும் போல" என்றாள்.

சனிக்கிழமை காலை உங்கள் மருமகள் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மாடிப்படிக்கு அடியில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. "விட்டுடறேம்மா. பழைய சிப்பையே போட்டுக் குடுத்துடறேன். மாமா பட்டனை அழுத்திக்கிட்டே இருக்கட்டும்" என்றாள். "அதுக்கு ஏண்டி அழறே?" என்றாள் இவள் அம்மா. "அந்த வீட்டுக்குப் போய் எட்டு மாசம் ஆச்சும்மா. அத்தை வாய் ஓயாம என்கிட்ட பேசறாங்க. மாமா மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏதாவது வேணும்னா தொண்டையைக் கனைப்பார், நான் திரும்பிப் பாக்கணும். கோபமான்னு கேட்டா அவர் சுபாவமே அப்படின்னு சொல்றாங்க. அவரா எதுக்க வந்து நின்னு என்கிட்ட கேட்டது இந்த ஒண்ணுதாம்மா. அதையும் முடியலைன்னு சொன்னா இனிமே எதையும் கேக்கவே மாட்டார்."

பெற்றவனுக்கு அது எப்படி இருக்கும்? உங்கள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது, மறைக்கவில்லை, மன்னிக்கவும். அந்த நிமிஷமே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்று ஆகிவிட்டால் என் மகள் அந்த வீட்டில் காலத்துக்கும் அந்நியமாகவே நின்றுவிடுவாள், ஆகையால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும் என்று. அடுத்த தடவை நாலு நிமிஷம்கூடக் காத்திருக்கவில்லை. மூன்றிலேயே அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீலத்தொப்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மருமகள் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள், அப்படியே தருகிறேன். "நீ அனுப்பிய நேரப் பட்டியலைப் பார்த்தேன். உன் போர்டு காலையில் சாகிறது, சாயங்காலம் சாகிறது. மதியம் இரண்டு மணிக்கு மட்டும் சாவதில்லை. நேற்று ஒரு நிமிஷம் முன்னதாகவே செத்திருக்கிறது, அது நிரலின் குணம் அல்ல, மனிதக் குணம். உன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிறவர் யார்?"

அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டியது பிறகு. முதலில் ஒன்றும் சொல்லாமல் போர்டை ஓடவிட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓசையில்லாமல் படியிறங்கி வந்து என் பின்னால் நின்றிருக்கிறாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"கை எங்க இருக்கு?"

"எந்தக் கை?"

கையும் களவுமாக என்பார்களே, அதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். என் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. "எத்தனை தடவைப்பா?" என்றாள். "பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் எரியாமக் காப்பாத்தியிருக்கேன்" என்றேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அது எரியலைப்பா. மெமரியைச் சரிபாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு அடியையும் எனக்குச் சொல்லிச் சொல்லிச் செய்யுது, அதனால ஆறு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் திரை இருட்டாத்தான் இருக்கும்." "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றேன். "சுவிட்ச் பக்கத்துல ஒருத்தர் காவல் உக்காந்திருக்கார்னு எனக்கு யாராவது சொன்னாங்களா? தொட்டீங்களான்னு கேட்டேனே?" "கம்ப்யூட்டரைத்தானேம்மா கேட்டே?" என்றேன். என்னை எரித்துவிடுவதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, படியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு டிஸ்கையும் பீரோவிலிருந்து எடுத்து மாட்டி, கடைசிச் சோதனை. என்னைச் சுவிட்சுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக உட்காரவைத்து, என் மனைவி இரண்டு கையிலும் பூண்டைக் கொடுத்து உரிக்கச் சொல்லிவிட்டாள். கை சும்மா இருக்கக்கூடாதாம். உங்கள் மருமகள் சுவிட்சைப் போட்டாள். ஊளை கிளம்பியது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. திரை கரி. மூன்றாவது நிமிஷம் எனக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நாலாவது நிமிஷம் நான் சொல்லாமலேயே என் வலது கை பூண்டைப் போட்டுவிட்டு எழுந்தது. என் மனைவி எட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் கையை இவ்வளவு அழுத்தமாகப் பிடித்தது இதுதான். ஐந்து. ஆறாவது நிமிஷம் முடிகிற தறுவாயில் ஊளை சட்டென்று அடங்கியது. காற்றாடியை அடக்கும் வரிகளையும் எழுதி முடித்திருக்கிறாள் போலிருக்கிறது. அந்த அமைதியில் திரையில் ஒரே ஒரு வரி வந்தது, போயிற்று, உங்கள் கம்ப்யூட்டர் எந்தப் பொத்தானையும் கேட்காமல், யாரிடமும் அனுமதி வாங்காமல், தானாகத் திறந்துகொண்டது. இருபது வருஷத்து மழையும் ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. உங்கள் மருமகள் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பூண்டு உரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதில் அரை மணி நேரம் கண் திறக்க முடியவில்லை.

முதல் தடவை மட்டும்தான் ஆறு நிமிஷமாம், இனிமேல் நொடியில் வந்துவிடுமாம். நீலத்தொப்பியும் சரி என்று சொல்லிவிட்டார். பதினோரு தடவை நடுவில் கரண்ட் போயும் போர்டு பிழைத்தது என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். "திடீர் மின்தடையில் பதினோரு முறை சோதித்தவர்: எழுதியவரின் தந்தை" என்று அந்த நிரலோடேயே பதிவு செய்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சோதனைச் சான்றிதழில் என் பங்கு இருக்கிறது என்பதில் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக, காலண்டரில் இருந்த மூன்று வார மழையை இன்று காலை நானே ஏற்றினேன், ஒற்றை விரலால். உங்கள் மருமகள் மாடிக்குப் போய்விட்டாள். மழைக் கோப்பை மூடியபோது அதற்குக் கீழே இன்னொரு கோப்பு இருப்பதைப் பார்த்தேன். ‘மருமகளிடம் கேட்க வேண்டியவை’ என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறீர்கள். பார்த்தேனே தவிர, திறக்கவில்லை. அடுத்தவர் எழுதியதைத் திறந்து பார்க்கிற புத்தி எனக்கு என்றைக்கும் கிடையாது. அவளிடமும் சொல்லவில்லை. அது உங்களுக்கும் அவளுக்கும் இடையில் உள்ளது.

மொத்தத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மனசு லேசாக இருக்கிறது. அந்த சுவிட்சை இனி என் ஆயுளில் தொடமாட்டேன் என்று வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை இன்று சாயங்காலம் வந்து பெட்டியையும் உங்கள் மருமகளையும் அழைத்துக்கொண்டு வருகிறார். இரண்டையும் பத்திரமாக இறக்கிக்கொள்ளவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், முழங்காலுக்கு எங்கள் விசாரிப்பு. உங்கள் மாடியில் வேண்டிய மட்டும் மழை பெய்து, மழைமானி நிறைந்து, நீங்கள் அனைவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
லிஃப்ட் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சில இடங்களைத் திருத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது. கடிதத்தை மடித்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்துவிட்டேன். நாற்பத்து மூன்று கேள்வி! ஒன்பதாவது: அவள் சமைத்த அன்று உப்புக் குறைவு என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டதா? பதினேழாவது: மழைமானி பார்க்கக் கூப்பிட்டால் சலித்துக்கொள்வாளா? முதலாவது: அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? பேர் சொல்லியா, அம்மா என்றா? கடைசியில், ‘எல்லாம் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த இருப்பில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பதறிப்போய், என்ன சொல்ல, பழக்க தோஷம், சுவிட்சை அணைத்துவிட்டேன். அவள் வந்து திரும்பப் போட்டாள். எண்ணி ஒன்பது வினாடி, பொத்தான் கிடையாது, ஒன்றும் கிடையாது, வந்துவிட்டது. வந்தது மட்டுமா? ‘போன தடவை திடீரென்று அணைந்துவிட்டது, அப்போது திறந்திருந்தது இதுதான்’ என்று அந்தக் கோப்பைத் தானாகவே திரை நிறைய விரித்துக் காட்டிவிட்டது. "திறந்தீங்களா?" என்றாள். "தானாத் திறந்துச்சும்மா, நீயேதான் பாத்தியே" என்றேன். அவள் கேட்கவில்லை, படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் படித்தாள். பிறகு என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் பதில் தட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு டீ ஆறிப்போயிற்று. இப்போது பத்தொன்பதாவதில் இருக்கிறாள். எட்டிப் பார்த்ததில் முதல் பதிலை மட்டும்தான் படிக்க முடிந்தது. "கொசுன்னு கூப்பிடுங்க மாமா. உடனே திரும்பிப் பாப்பேன்." ஆகையால் மேலே நான் அடித்திருக்கும் சொல்லை அடிக்காததாக எண்ணிக்கொள்ளவும். நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வேண்டாம் சம்பந்தி, மழையை அவளிடமே சொல்லிவிடுங்கள்.